நிலமும் ஊரும் சொல்லும்: போர்த்துகல் பற்றிய பயண விளக்கமொழி குறித்த ஒரு திறனாய்வு

0. முன்னுரை

ஒரு நாட்டுக்குச் சென்றுவருவதற்கான காரணங்களை எடுத்துரைக்கும் எழுத்து இன்று எல்லா மொழிகளிலும் பெருகியுள்ளது. மலை, சமவெளி, கடற்கரை எனப் பலவகை நிலங்களும், கோட்டை, கோயில், பழந்தெரு எனத் தொன்மை வாய்ந்த ஊர்களும் ஒரே நாட்டில் ஒருங்கே அமைந்திருப்பதைப் பாராட்டிக் கூறுவதே அதன் பொதுவான உள்ளடக்கமாகும். இலக்கியத் திறனாய்வாளர் இவ்வகை எழுத்தைப் பொருட்படுத்துவதில்லை. மொழியியலாரும் இதனை விளம்பரமொழி என்னும் தலைப்பின்கீழ் அடக்கி நின்றுவிடுகின்றனர். மொழிபெயர்ப்பாளருக்கோ அந்த வாய்ப்பு இல்லை. அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொல்லைத் தேடியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்காக, போர்த்துகல் நாட்டைப் பற்றிய நான்கு பக்க விளக்கம் ஒன்றை இக்கட்டுரையாளர் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழாக்கினார். தமிழாக்கம் தடையின்றி ஓடுவதாகவே அவருக்குத் தோன்றியது. வகுப்பில் அதனைப் படித்து முடித்த மாணவி ஒருவர், "ஐயா, இந்த நாட்டில் யாரும் குடியிருக்கவில்லையா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆயினும் பனுவலை மீண்டும் நோக்கியபோது அவ்வினா முற்றிலும் பொருத்தமானது என்பது புலப்பட்டது. நான்கு பக்கங்களிலும் மலைகள் எழுந்தன, தெருக்கள் வளைந்தன, வீடுகள் வீற்றிருந்தன. மனிதர் எவரும் எதையும் செய்யவில்லை.

அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. பயண விளக்கமொழியின் தொடரமைப்பு, நிலச்சொற்கள், பழமையைக் குறிக்கும் சொற்கள், இடப்பெயர்கள் ஆகிய நான்கும் போர்த்துகலைச் சான்றாகக் கொண்டு இவண் ஆராயப்படுகின்றன. இறுதியில், இதே நாட்டைப் பற்றி அந்நாட்டு எழுத்தாளர் ஒருவர் எழுதிய பயணநூல் ஒன்று ஒப்புநோக்கப்படுகிறது.

1. விளக்கமொழியின் தொடரமைப்பு

ஃபில்மோர் 1968இல் முன்வைத்த வேற்றுமை இலக்கணக் கொள்கை, ஒரு வினையைச் சூழ்ந்து நிற்கும் பெயர்கள் ஏற்கும் பங்குகளைச் செய்வோன், நுகர்வோன், கருவி, இடம் முதலியனவாகப் பகுத்துக் காட்டுகிறது. பயண விளக்கத் தொடர்களை இம்முறையில் பகுத்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 'பசுமையான மலைகள் பயணியரை வரவேற்கின்றன', 'பழந்தெருக்கள் காண்போர் உள்ளத்தைக் கொள்ளைகொள்கின்றன', 'வெண்ணிற வீடுகள் குன்றின்மேல் கொலுவீற்றிருக்கின்றன' என்பன போன்ற தொடர்களில், இயல்பாக இடப்பங்கை ஏற்க வேண்டிய நிலம் செய்வோன் பங்கை ஏற்கிறது. வருபவர் நுகர்வோர் ஆகிறார். அங்கேயே வாழ்பவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

இந்த விடுபாட்டுக்குச் செயப்பாட்டு வினை பெருந்துணை செய்கிறது. தேஜு ஆற்றுக்குத் தெற்கேயுள்ள அலெந்தேஜுப் பகுதியில், வீட்டுச் சுவர்கள் வெள்ளையாகவும் அவற்றின் அடிப்பகுதியும் வாயில் விளிம்பும் நீலம் அல்லது மஞ்சள் பட்டையாகவும் இருக்கும். 'சுவர்களுக்கு வெள்ளை பூசப்பட்டுள்ளது' என எழுதினால் அது ஒரு காட்சி. அவ்வூர்ப் பெண்கள் வழிவழியாக வெள்ளையடித்துவந்தனர் என எழுதினால் அது ஓர் உழைப்பு. வெள்ளையடித்தல் என்னும் வினை தமிழ் வாசகருக்குப் பொங்கலுக்கு முந்திய நாள்களை நினைவூட்டக்கூடியது. சுண்ணாம்பின் மணமும் மட்டையின் ஓசையும் அச்சொல்லில் உள்ளன. 'வெண்மை பூசப்பட்ட' என்னும் எச்சத்தில் அவை இல்லை. தமிழில் செயப்பாட்டு வினை பேச்சுவழக்கில் அரிது. எழுத்தில் அது மிகுவதற்கு ஆங்கில வழி மொழிபெயர்ப்பு ஒரு காரணம் என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிவர். இங்கே அதன் விளைவு நடையோடு நிற்கவில்லை. செய்பவரையே அது மறைத்துவிடுகிறது.

அடுத்து நோக்கத்தக்கது முரண் வாய்பாடு. 'ஒருபுறம் பனிமலை, மறுபுறம் பொன்மணல்' என்னும் அமைப்பு இவ்வெழுத்தில் தவறாது வரும். போர்த்துகலைப் பொறுத்தவரை இது பொய்யன்று. தலைநிலப் பகுதி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 560 கிலோமீட்டர் நீளமும், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 220 கிலோமீட்டருக்கு மேற்படாத அகலமும் உடையது. அசோரசு, மதெய்ரா ஆகிய தீவுக்கூட்டங்களையும் சேர்த்து மொத்தப் பரப்பு 92,000 சதுர கிலோமீட்டர் அளவே, தமிழ்நாட்டைவிடச் சிறியது. இதற்குள் வடக்கே அட்லாண்டிக் மழையில் நனைந்த கருங்கல் நிலமும், தோரு ஆற்றங்கரையில் பலகைப்பாறையை உடைத்துப் படிப்படியாக அமைத்த திராட்சைத் தோட்டங்களும், தெற்கே நடுநிலக்கடற் பருவநிலைக்குரிய வறண்ட சமவெளியும் அடங்கியுள்ளன. இவ்வேறுபாட்டுக்கு மழையும் பாறையும் காரணம். முரண் வாய்பாடு இக்காரணத்தைக் கூறாமல், இரண்டு அஞ்சல் அட்டைகளை அருகருகே வைத்து நிறுத்திக்கொள்கிறது.

2. நிலச்சொற்கள்

2.1 திணைப்பெயர் என்னும் எளிய வழி

வேற்றுநாட்டு நிலத்தைத் தமிழில் விளக்கும்போது திணைப்பெயர்கள் தாமே வந்து நிற்கின்றன. மேற்குறித்த தமிழாக்கத்தில் எஷ்த்ரேலா மலைத்தொடரைக் 'குறிஞ்சி நிலம்' என இக்கட்டுரையாளரே எழுதியிருந்தார். அது பிழை என்பதை உணரச் சில காலம் ஆயிற்று.

தலைநிலப் போர்த்துகலின் மிக உயர்ந்த இம்மலை 1,993 மீட்டர் உயரமுடையது. இதன் உச்சியில் 2,000 மீட்டர் நிறைவுபெறுமாறு ஒரு கற்கோபுரம் எழுப்பப்பட்டுள்ளது. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கும் குளிர்காலப் பனிப்பொழிவும் இம்மலைக்குரியன. இங்கு வாழ்ந்தோரின் மரபுத்தொழில் ஆட்டு மந்தைகளை மேய்த்தல். கோடையில் மேலேயும் குளிர்காலத்தில் கீழேயும் மந்தைகளை ஓட்டிச்செல்வர். ஆட்டுப்பாலை ஒருவகை முட்செடியின் பூவைக் கொண்டு திரித்துப் பாலடைக்கட்டி செய்வர். தொல்காப்பிய நெறிப்படி முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகும். கருப்பொருளும் உரிப்பொருளும் சேர்ந்தே திணை நிறைவுறும். எஷ்த்ரேலாவில் நிலம் மலை. தொழிலோ முல்லைக்குரிய மேய்ச்சல். பனிப்பொழிவுக்கோ நானிலத்தில் எங்கும் இடமில்லை. 'குறிஞ்சி' என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் தினைப்புனமும் தேனும் களவொழுக்கமும் எழுகின்றன. ஆட்டு மந்தையோடு ஆண்டுதோறும் ஏறியிறங்கிய மேய்ப்பர் எழுவதில்லை.

இதனால் திணைச்சொற்களை அறவே விலக்க வேண்டும் என்பது கருத்தன்று. மருதம், நெய்தல் முதலியன பாடநூல்களில் வெறும் நிலப்பெயர்களாகவும் வழங்குகின்றன. ஆயின் அப்பெயரால் வாசகருக்குக் கிடைப்பது தான் முன்னரே அறிந்த ஒரு நிலமே என்பதை மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாது. பயணத்தின் பயன் அறியாததை அறிதல் எனின், அப்பெயர் பயணத்தைத் தடுக்கிறது.

2.2 வட்டாரச் சொல்லின் பயன்

திணைப்பெயரைவிட வட்டார வழக்குச் சொற்களே பெரிதும் துணைபுரிகின்றன. சில சான்றுகள் வருமாறு:

(அ) தெற்குக் கரையில் ஃபாரு நகரை ஒட்டி 'ரீயா ஃபுர்மோசா' என்னும் நீர்ப்பரப்பு உள்ளது. மணல்தீவுகளால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, ஏற்றவற்றத்தில் நிரம்பி வடியும் ஆழமற்ற உவர்நீர்ப் பகுதி இது. ஓரங்களில் உப்பளங்கள் உள்ளன. புவியியல் நூல்களில் 'ரியா' என்னும் கலைச்சொல் கடலில் மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறிக்கும். போர்த்துகேயர் வழக்கிலோ இவ்விடத்தில் அது அப்பொருளில் வரவில்லை. கலைச்சொல் அகராதியைப் பின்பற்றும் மொழிபெயர்ப்பாளர் இங்குத் தவறுவார். நெய்தல் நிலத்து மக்களின் 'காயல்' என்பது நேர்பொருத்தமான சொல். ஈழத்து வழக்கில் மட்டக்களப்பு முதலிய பெயர்களில் காணும் 'களப்பு' என்பதும் ஏற்றதே.

(ஆ) தேஜு ஆற்றின் இருமருங்கும் வெள்ளம் வண்டல் படிவித்த தாழ்நிலத்தை 'லெசீரியா' என்பர். தீவு எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது இது. 'வண்டல் சமவெளி' என்பது பொருள் தரும். 'படுகை' என்பதோ பொருளோடு வாழ்வையும் தரும். காவிரிக் கரையில் கரைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைப் படுகை என்று வழங்குவோருக்கு, வெள்ளத்தின் நன்மையும் அச்சமும் ஒருசேரப் புரியும்.

(இ) அலெந்தேஜுவின் 'மொந்தாது' என்பது மேலும் சிக்கலானது. தக்கைக் கருவாலி மரங்கள் இடைவிட்டு நிற்க, இடையே தானியம் விளைய, கீழே உதிரும் கொட்டைகளைக் கரிய பன்றிகள் மேய்ந்து வளரும் நிலம் இது. உலகின் தக்கை உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி போர்த்துகலுடையது. ஒரு மரத்தின் பட்டையை முதன்முறை உரிக்க இருபத்தைந்து ஆண்டளவு காத்திருக்க வேண்டும். அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் உரிக்கலாம். உரித்த ஆண்டின் இறுதி எண்ணை அடிமரத்தில் வெள்ளைச் சாயத்தால் எழுதிவைப்பர். இந்நிலத்தைக் 'காடு' எனின் மனிதர் கை மறைகிறது. 'தோப்பு' எனின் வரிசையாக நட்டதுபோல் ஆகிறது. 'மேய்ச்சற்காடு' என்பது ஓரளவு பொருந்தும். அதனோடு மரத்தில் எழுதிய எண்ணையும் ஒரு தொடரால் விளக்கினால் வாசகர் தாமே நிலத்தைக் காண்பார். பெயர்ச்சொல் போதாத இடத்தில் ஒரு வினைத்தொடர் போதும்.

2.3 மறைக்கும் சொற்கள்

இதற்கு மாறாகச் சில சொற்கள் நிலத்தின் வரலாற்றை மறைக்கின்றன. நடுப்பகுதியின் 'பசுங்காடுகள்' பலவும் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படும் தைலமரத் தோட்டங்கள். 2017 சூனில் பெத்ரோகாவுன் கிரான்தி பகுதியில் மூண்ட தீ அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆள் குறைந்த சிற்றூர்களும் மேய்ச்சலற்றுப் புதர் மண்டிய நிலமும் தைலமரமும் சேர்ந்து நெருப்புக்கு வழிவகுத்தமை அந்நாட்டில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. தமிழில் தைலமரத் தோப்பைக் காட்டிலிருந்து வேறுபடுத்திச் சொல்லும் வழக்கு உண்டு. அவ்வேறுபாட்டைக் கைவிட்டுப் 'பசுங்காடு' என எழுதுவது, மூலத்தின் மழுப்பலைத் தமிழிலும் செய்வதாகும்.

இன்னொரு சான்று அல்கேவா நீர்த்தேக்கம். குவாதியானா ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணையின் மதகுகள் 2002 பிப்ரவரியில் மூடப்பட்டன. லூஷ் என்னும் சிற்றூர் நீரில் மூழ்கியது. அதன் மக்களுக்காக அருகே அதே பெயரில் புதிய ஊர் கட்டப்பட்டது. இடுகாடும் இடம் மாறியது. இன்று அந்நீர்ப்பரப்பு 'பேரேரி' எனப் பயணியருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. மூலமொழியில் அச்சொல் இயற்கையாக அமைந்த நீர்நிலை என்னும் மயக்கத்தைத் தருகிறது. தமிழில் ஏரி என்பது பெரும்பாலும் மனிதர் கரைகட்டிப் பாசனத்துக்கென அமைத்ததே. எனவே 'ஏரி' என்னும் மொழிபெயர்ப்பு ஒருவகையில் மூலத்தைவிட உண்மையானது. ஆயினும் மூழ்கிய ஊரை எந்தச் சொல்லும் தானே சொல்லிவிடாது. அதற்கு ஒரு வாக்கியம் வேண்டும்.

3. பழமையைக் குறிக்கும் சொற்கள்

'காலம் உறைந்து நிற்கும் ஊர்' என்பது இவ்வெழுத்தின் மிகப் பழகிய உருவகம். பெய்ராப் பகுதியில் பெரும் கருங்கற் பாறைகளுக்கிடையே வீடுகள் அமைந்த மொன்சாந்து என்னும் ஊர் இவ்வுருவகத்துக்கு அடிக்கடி ஆளாகும். 1938இல், சலாசாரின் சர்வாதிகார ஆட்சியில், அரசின் பரப்புரைச் செயலகம் நடத்திய போட்டியில் 'போர்த்துகலின் மிகப் போர்த்துகேயத் தன்மை வாய்ந்த ஊர்' என மொன்சாந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வெள்ளிச் சேவல் பரிசு பெற்றது. மாறாத சிற்றூரே நாட்டின் ஆன்மா என்னும் கருத்தை அவ்வாட்சி வளர்த்தது. லிஸ்பனில் பயணியர் காணும் சாவு ஜோர்ஜ் கோட்டையின் மதிற்பல்லும் கோபுரமும் 1940ஆம் ஆண்டு தேசிய விழாவையொட்டி நிகழ்ந்த பெரும் புதுக்கிப்பணியில் இன்றைய வடிவம் பெற்றன. இவ்வூர்களில் காலம் தானே உறைந்ததில்லை; உறைந்ததாகக் காட்டும் முடிவைச் சிலர் எடுத்தனர். உருவகத்தை அப்படியே பெயர்ப்பவர், அம்முடிவை இயற்கை நிகழ்ச்சியாக்கிவிடுகிறார்.

எதிர்மாறான சான்று ஏவுரா நகரம். 1986இல் இதன் பழநகர்ப் பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள உரோமானியக் கோயிலைத் 'தயானா கோயில்' என்பர். அப்பெயர் மிகப் பிற்காலத்தில் எழுந்த கற்பனை. இக்கோயில் இடைக்காலம் தொட்டு 19ஆம் நூற்றாண்டு வரை இறைச்சிக் கொட்டிலாகப் பயன்பட்டது. தூண்களுக்கிடையே சுவர் எழுப்பப்பட்டிருந்தமையாலேயே தூண்கள் நின்றன எனக் கருத இடமுண்டு. பயன்பாட்டால் நிலைத்த பழமை ஒன்று, காட்சிக்காகச் சமைத்த பழமை மற்றொன்று. இரண்டையும் 'தொன்மை எழில்' என்னும் ஒரே தொடரால் குறிப்பது, பொருளியல் நோக்கில் ஒரு மயக்கமே.

சொல்லின் பிறப்பு அறியாமையாலும் பழமை திரிவதுண்டு. சுவர்களில் பதிக்கும் வண்ண ஓடு 'அசுலேஜு' எனப்படும். 'அசுல்' என்பது நீலம் ஆதலின் இதனை 'நீல ஓடு' என மொழிபெயர்ப்போர் உளர். இச்சொல் மெருகிட்ட கல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழியது. நீலத்தோடு இதற்குப் பிறப்புறவு இல்லை. பச்சையும் மஞ்சளும் பூத்த அசுலேஜுக்கள் ஏராளம். 'மெருகோடு' என்பது பொருத்தமாகலாம். இவ்வாறே ஊர்த்திடலில் நிற்கும் 'பெலோரீஞு' என்னும் கற்றூணை 'அழகிய கல்தூண்' எனப் பெயர்ப்பது போதாது. குற்றவாளிகளைக் கட்டித் தண்டித்த தூண் அது. தன் எல்லைக்குள் நீதி வழங்கும் உரிமை அவ்வூருக்கு இருந்தது என்பதன் அடையாளமும் அதுவே. ஊரின் பெருமையும் கொடுமையும் ஒரே கல்லில் நிற்கின்றன. 'தண்டனைத் தூண்' என்பது அழகைக் குறைக்கும், உண்மையைக் கூட்டும்.

4. இடப்பெயர்கள்: காதும் கண்ணும்

தமிழ் இதழ்களில் சின்ட்ரா, எவோரா, போர்ட்டோ, கோயிம்ப்ரா எனக் காணும் வடிவங்கள் ஆங்கில எழுத்தைக் கண்ணால் கண்டு எழுதியவை. போர்த்துகேய மொழியின் தகரம் பல்லொலி, நாவளை ஒலியன்று. இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பதினாறாம் நூற்றாண்டு முதல் தமிழில் புகுந்த போர்த்துகேயச் சொற்களான பாதிரி, மேஸ்திரி, துவாலை, பொத்தான் ஆகியவற்றில் தகரமே வருகிறது, டகரம் இல்லை. அவை காதால் கேட்டு ஏற்ற சொற்கள்.

இக்கடன்சொற்கள் மற்றொரு நுட்பத்தையும் காட்டுகின்றன. போர்த்துகேய மொழியில் சொல்லழுத்தம் பொருள் வேறுபடுத்தும். தமிழில் அது இல்லை. அழுத்தம் பெற்ற உயிரைத் தமிழ்ச் செவி நெடிலாகக் கேட்டது. மேசை, சாவி, பாதிரி, பீப்பாய், மேஸ்திரி ஆகியவற்றில் முதலுயிரும், துவாலையில் இரண்டாமுயிரும், பொத்தானில் இறுதியுயிரும் நெடிலாயின. மூலத்தில் அழுத்தம் விழும் இடங்களும் இவையே. அழுத்தமற்ற ஒகரம் உகரச் சாயல் பெறுவதைத் துவாலையில் காண்கிறோம். சொல்லிடையில் மெய்ம்மயக்கம் வந்தவிடத்து இகரம் தோன்றுவதைப் பாதிரியில் காண்கிறோம். ஜன்னல் போன்ற விதிவிலக்குகள் சிலவே. இவ்வொழுங்கைப் பின்பற்றின் ஏவுரா, சிந்திரா, குயிம்பிரா, போர்த்து என்னும் வடிவங்கள் கிடைக்கும். எவோரா என எழுதும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு மாறி, அந்நாட்டார்க்குப் பெயரே விளங்காது போகும். லிஸ்பன் போன்று வேரூன்றிய வடிவங்களை மாற்ற வேண்டுவதில்லை. புதியனவற்றையேனும் நான்கு நூற்றாண்டுக்கு முன்னைய செவியைக் கொண்டு எழுதலாம். 1554இல் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டது லிஸ்பன் நகரம் என்பதை நினைவுகூர்ந்தால், இக்கடன் இருவழிக் கடன் என்பது விளங்கும்.

பெயர்களின் பொருளும் நோக்கத்தக்கது. திராஸ்-உஷ்-மோந்திஷ் என்னும் வடகிழக்கு மாநிலப் பெயருக்கு 'மலைகளுக்கு அப்பால்' என்பது பொருள். அலெந்தேஜு 'தேஜுவுக்கு அப்பால்' ஆகும். எழுத்தொப்புமை கண்டு இதன் முதலசையை அரபுச் சார்பு எனக் கொள்வது தவறு. அல்கார்வ் என்பதோ உண்மையிலேயே அரபுச் சொல். 'மேற்கு' என்பது பொருள். இம்மூன்றும் சுட்டுப்பொருள் உடைய பெயர்கள். அப்பால் எனின் எங்கிருந்து அப்பால்? முன்னிரண்டும் வடமேற்கிலிருந்து நோக்கியவரின் பெயரீடு. மூன்றாவது கிழக்கே அந்தலூசிலிருந்து நோக்கியவரின் பெயரீடு. ஒரு நாட்டின் நிலப்படத்திலேயே இரு நோக்குமையங்கள் பதிந்துள்ளன. பலவகை நிலம் என்னும் பாராட்டைவிட இது பயணிக்குப் பெரிய செய்தி.

வடக்கே ஷாவிஷ் என்னும் ஊர் உண்டு. உரோமானியர் காலத்தில் அது ஃபிளாவிய மரபினரின் பெயரால் வழங்கிய வெந்நீர் ஊற்று ஊர். இலத்தீன் சொல்முதலில் வந்த ஃபிள, கிள, பிள ஆகிய மெய்ம்மயக்கங்கள் போர்த்துகேயத்தில் ஒரே ஒலியாகத் திரிந்தன. அதனால் அவ்வூர்ப்பெயரும், திறவுகோலைக் குறிக்கும் சொல்லின் பன்மையும் ஒரே வடிவம் பெற்றன. நம் 'சாவி' அத்திறவுகோற் சொல்லே.

5. சரமாகுவின் பயணி

ஜுசே சரமாகு (1922–2010) 1998இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய 'போர்த்துகல் பயணம்' 1981இல் வெளிவந்தது. வழிகாட்டி நூலுக்குரிய பொருளையே எடுத்துக்கொண்டு, அதன் இலக்கணத்தைத் தலைகீழாக்குவது அந்நூல். நூல் முழுவதும் ஆசிரியர் தம்மைப் 'பயணி' எனப் படர்க்கையில் குறிக்கிறார். முதலில் செயற்கையாகத் தோன்றும் இம்முறைக்கு ஒரு பயன் உண்டு. வழிகாட்டி நூலில் எங்கும் நிறைந்து எங்கும் தோன்றாத நுகர்வோன், இங்கே பெயரும் கால்களும் பெற்று, வழி தவறுபவனாகவும் பசிப்பவனாகவும் ஆகிறான். நிலம் அவனை வரவேற்பதில்லை. அவன்தான் நிலத்தைத் தேடிச் செல்கிறான். செய்வோன் பங்கு மனிதரிடம் மீள்கிறது.

நூல் மிராந்தா தோ தோரு என்னும் எல்லைப்புற ஊரில் தொடங்குகிறது. ஆற்றின் இரு நாட்டுப் பக்கங்களிலும் நீந்தும் மீன்களை விளித்துப் பயணி பேசுகிறான். அந்தோனியு வியெய்ரா என்னும் பாதிரியார் 1654இல் நிகழ்த்திய மீன்களுக்கான மறையுரை இங்கே எதிரொலிக்கிறது. போர்த்துகேய வாசகர் இதனை உடனே அறிவர். தமிழ் வாசகருக்கு ஓர் அடிக்குறிப்பேனும் தேவைப்படும். எல்லை என்பது மீனுக்குத் தெரியாது என்னும் கருத்து மொழியியலார்க்கும் இனியது. ஏனெனில் அவ்வூரைச் சூழ்ந்த பகுதியில் பேசப்படும் மிராந்தேசு மொழி போர்த்துகேயத்தின் கிளைமொழியன்று. லெய்த்தி தி வஷ்கொன்செலுஷ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனை ஆராய்ந்து அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1999இல் சட்டத்தின் வழி அதன் உரிமை ஏற்கப்பட்டது. ஒருமொழி நாடு எனப் பெயர்பெற்ற நாட்டில் மற்றொரு மொழி வாழும் ஊர், நிலவளத்தையும் கோட்டையையும் தேடும் விளக்கங்களில் இக்காரணத்துக்காகப் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

சரமாகுவின் நூலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு நிகழ்ச்சி ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பயணி ஒரு சிற்றூர்க் கோயிலை அடைகிறான். கதவு பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் உள்ளது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறான். சாவியை வைத்திருப்பவரைத் தேடிச் செல்கிறான். சில வேளை அவர் கிடைக்கிறார், சில வேளை கிடைப்பதில்லை. வழிகாட்டி நூலில் கோயில்கள் எப்போதும் திறந்தே இருக்கும். அங்கே பழமைக்கு வாசல் இல்லை. எனவே வாசல் காப்பவரும் இல்லை. இங்கோ பழமையைக் காண ஒரு மனிதரின் இசைவு வேண்டும். அவருடன் இரண்டு சொல் பேசியாக வேண்டும். வகுப்பில் மாணவி கேட்ட வினாவுக்குரிய விடை இதில் உள்ளது.

குறைகளும் இல்லாமல் இல்லை. நூல் தலைநிலத்தோடு நின்றுவிடுகிறது, தீவுகள் இடம்பெறவில்லை. கோயிற் சிற்பங்களைப் பற்றிய விளக்கம் சிலவிடத்து நீண்டு, மனிதரை மீண்டும் மறைக்கிறது. பயணி தன் நாட்டுக்குள் தன் மொழியில் பயணம் செய்பவன். அயலார்க்கு அந்த வசதி இல்லை. தமிழில் ஏ. கே. செட்டியார், சோமலெ போன்றோரின் பயண எழுத்தில், மொழி தெரியாத ஊரிலும் எதிர்ப்பட்ட எளிய மனிதரைக் குறித்துவைக்கும் மரபு உண்டு. அம்மரபு நம் மொழிபெயர்ப்பாளருக்குக் கைவிளக்காகும்.

6. முடிவுரை

ஆய்வின் முடிவுகளை விதிகளாக வகுப்பதைவிட, ஒரு தொடரை இருவகையாக எழுதிக் காட்டுவது பயனுடையது. முன்னர் இக்கட்டுரையாளர் எழுதியது: 'பொன்னிறச் சமவெளியில் காலம் உறைந்து நிற்கும் வெண்ணிறச் சிற்றூர்கள் பயணியரை மயக்குகின்றன.' இன்று எழுத விரும்புவது: 'தேஜுவுக்குத் தெற்கே, கோதுமை அறுத்த நிலத்தில், சென்ற முறை பட்டை உரித்த ஆண்டின் எண்ணைத் தாங்கிய தக்கை மரங்கள் நிற்கின்றன. வீடுகளுக்கு அவரவரே வெள்ளையடித்துவந்தனர். இளைஞர் பலர் நகருக்குச் சென்றுவிட்டமையால் கோயில் பெரும்பாலும் பூட்டியிருக்கும். சாவியை அடுத்த வீட்டில் கேட்க வேண்டும்.'

இரண்டாவது தொடர் நீளமானது. விளம்பரத்துக்கு உதவாது என்று சொல்லப்படலாம். எனினும் அதைப் படித்தவர்க்கு அந்நாட்டுக்குச் சென்றுவரும் விருப்பம் குறையும் என்று இக்கட்டுரையாளர் கருதவில்லை. மாறாக, சென்றால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பதை அது கூறுகிறது. நாடு ஒன்றை மொழிபெயர்க்கையில் அங்கு வாழ்வோரையும் எழுவாயாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வேண்டுகோள். வகுப்பில் அவ்வினாவை எழுப்பிய மாணவிக்கு இக்கட்டுரையாளர் நன்றிக்கடன் பட்டவர்.